பெட்டியில் நூற்றிருபது

பெட்டியில் நூற்றிருபது டெசிபெல் என்று போட்டிருந்தது.
கூரியர் பையன் கையெழுத்து வாங்கிப் போன பிறகு
கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன்.
எண்ணுக்குப் பக்கத்தில்
எறும்பு முட்டை அளவில் ஓர் ஏ.

காது லேசாக எடுத்துக்கொள்வதைக்
கருவியும் லேசாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.
அடியில் உறுமும் ஐம்பது ஹெர்ட்ஸை
முக்கால்வாசி மன்னித்துவிட்டுச் சொன்ன கணக்கு.
மன்னிக்காமல் அளந்தால் நூற்றுப் பதினேழு.
அதுவும் நுழைவாயைக் குறுக்கே இணைத்து மூடிவிட்டு:
மைக் கிடையாது, ஒயர் கிடையாது,
பாளையங்கோட்டையே கிடையாது.

இருபத்துநாலு பிட்.
பிட்டுக்கு ஆறு வீதம் நூற்று நாற்பத்துநாலு வரவேண்டும்.
வராது.
சமாதானபுரம் போகிற டவுன் பஸ்ஸில்
கடைசி நாலு சீட்டும் ஜங்ஷனிலேயே போய்விடுமே, அப்படி.
உட்கார்ந்திருப்பது வெறும் சூடு.
மின்தடைக்குள் எலெக்ட்ரான்கள்
காரணமில்லாமல் முண்டிக்கொள்கிற சத்தம்,
கத்திரி வெயிலில் ஒரு பொட்டுக் கூடுதலாக.

நாங்கள் பதிவது பிளஸ் டூ கணக்குப்பதிவியல்.
வாசிப்பது மேலப்பாளையம் ரஹ்மத் நிஷா.
கேட்டுத் திருத்துவது தங்கையா சார்.
பிறவியிலேயே பார்வை இல்லாதவர்,
அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்று
இப்போது எங்கள் உயிரை வாங்குகிறவர்.

மைக்கின் முன் நிஷாவின் குரல் எழுபத்திரண்டு.
ஜன்னலைச் சாத்திய அறை முப்பத்தெட்டு:
கீழே பரோட்டாக் கடையின் புகைபோக்கி விசிறி,
ஆனிக் காற்றில் ஆடும் தகரம்,
மூலையில் வீட்டுக்காரரின் ஃப்ரிட்ஜ்.
பற்றுப் போக வரவு முப்பத்துநாலு.
முப்பத்துநாலுக்குக் காவலாக
நூற்றிருபதை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.
கொட்டுமேளம் முழங்கும் கல்யாண வீட்டில்
யாருக்கோ விக்கல் எடுத்தால் எப்படியோ
அப்படி இருக்கிறது
இந்தக் கருவியின் சொந்த இரைச்சல்.

வியாழக்கிழமை தங்கையா சார் போன் பண்ணினார்.
"எழுபத்தோராம் பக்கம்.
தேய்மானத்துக்கும் நிதிக்கும் நடுவுல
ஃப்ரிட்ஜ் நின்னுட்டு வே."
"சத்தமா கேக்குதா சார்?"
"ஓடுனது கேக்கலை. நின்னதுதான் கேட்டுச்சு.
அதுவரைக்கும் அப்படி ஒண்ணு ஓடுதுன்னே
எனக்குத் தெரியாதுல்லா."

அன்றிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு
என் பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிறேன்.
மறுபடி மாட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது.
சாவியில் மாவு வாசனை.

ஒருநாள் ராத்திரி ரெண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க
திரையின் அடிக்கோடு
படியில் இறங்குவதுபோல் இறங்கி நின்றது.
பரோட்டாக் கடை இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை,
தெருவிளக்கின் சோக்கு இல்லை.
அந்த வீட்டில் முதல்முறையாக
அவ்வளவு கீழே போய்ப் பார்த்தேன்.
அங்கே என் வயிறு கத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஆசை விடவில்லை.
ஒரு மென்பொருளை ஏவி
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
எல்லாவற்றையும் துடைத்தேன்.
அளந்து பார்த்தால் தொண்ணூற்றுச் சொச்சம்.
இனிப்பு வாங்கிக்கொண்டுதான் சாரைப் பார்க்கப் போனேன்.

இரண்டு பக்கம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.
"அந்தப் பிள்ளை எங்க?"
"வாசிக்கிறாங்களே சார்."
"வாசிக்கிறது கேக்கு.
மூச்சு எடுக்கக் காணும்.
வாக்கியம் முடிஞ்சுதா, இன்னும் இருக்கா,
நான் எதை வச்சுச் சொல்ல?"
அல்வாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

துடைத்ததைத் திரும்பப் போட ஒன்பது நாள் ஆனது.

இந்த அறைக்கு இப்போது
நானே ஒரு கையேடு எழுதி ஒட்டியிருக்கிறேன்:
சமாதானபுரம், இரண்டாம் மாடி, ஃப்ரிட்ஜ் நிறுத்தி,
கடை அடைத்த பின், ஏ போடாமல்: நாற்பத்தொன்று.
அதற்குக் கீழே
நிஷாவின் மூச்சை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
ஒரு வரி காலியாக இருக்கிறது.
அவரிடமே கேட்டேன்.
"எனக்கு மூச்சு சத்தமா வருதா?" என்று
கோபித்துக்கொண்டார்.